பேங்குப் பூட்டு

கிரேஸிக்கு இரண்டு வாடைகள் ஆகாது. ஒன்று ஆஸ்பத்திரி வாடை, இன்னொன்று தோல் வாடை. ஆம்பூரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு இந்த இரண்டும் ஆகாது என்றால், மூக்கைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டுத்தான் தெருவில் இறங்க வேண்டும். வீட்டிலும் நிம்மதி கிடையாது. அவள் அம்மா சாரா ஊரில் இருந்த மிஷன் ஆஸ்பத்திரி நர்ஸ். டியூட்டி முடிந்து வந்து அவர் சேலை மாற்றுகிற வரைக்கும் கூடத்தில் டெட்டால் மணக்கும்.

தோல் பதனிடுகிற டேனரிகளில் வேலை செய்கிறவர்களுக்குச் சுண்ணாம்பு பட்டுக் கை வெந்துபோகும், கத்தி தவறி விரல் அறுபடும். அத்தனை பேரும் கட்டுப் போட சாரா சிஸ்டரிடம்தான் வருவார்கள். அதனால் கிரேஸிக்கு ஊரில் சொந்தப் பெயரே கிடையாது. ரேஷன் கடையிலும் 'சிஸ்டர் பொண்ணு', பஸ்ஸிலும் 'சிஸ்டர் பொண்ணு'. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் போதகர் ஒருவர்தான் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவரும் ஒரு நொடி யோசித்துவிட்டுத்தான் கூப்பிடுவார்.

பத்தாவது முடித்த விடுமுறையில் சாரா மகளை வார்டுக்கு அழைத்துப் போனார். யாருக்கோ புண் கழுவுவதைப் பார்த்ததும் கிரேஸி மயங்கிக் கட்டில் கம்பியில் முட்டிக்கொண்டாள். நெற்றியில் அம்மாவே தையல் போட வேண்டியதாயிற்று. "பழகிடும்டி. எனக்கும் மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு," என்றார் சாரா. கிரேஸிக்குப் பழகவில்லை. அப்பா கிறிஸ்துராஜ் பள்ளிக்கூட வாத்தியார், சாது. அவர் மகள் பக்கம் நின்றதால் வேலூரில் பி.காம். சேர்ந்தாள். சாரா அதோடு விட்டுவிடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் பிள்ளைகளுக்கென்று நர்ஸிங்கில் வருஷத்துக்குச் சில இடம் ஒதுக்குவார்கள். அதற்கு மகள் பெயரைக் கொடுத்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

எண்பத்தைந்தாம் வருஷக் கோடையில் கல்லூரி சில பிள்ளைகளைப் பேங்குகளுக்குப் பயிற்சிக்கு அனுப்பியது. கிரேஸிக்கு ஆம்பூர்க் கிளையே கிடைத்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அம்மாவும் மகளும் பேசி முடித்துக்கொண்டார்கள்.

"லீவு முடியற வரைக்கும் ஒழுங்கா போய்ட்டு வா," என்றார் சாரா. "மேனேஜர் கையெழுத்து போட்ட சர்டிபிகேட்ட என் கையில குடு. அப்புறம் நர்ஸிங்னு வாயத் தொறக்க மாட்டேன். பாதியில அனுப்பிட்டாங்கன்னா பேசாம என்கூட வேலூர் இன்டர்வியூக்கு வரணும்."

"வர்றேன்," என்றாள் கிரேஸி. சொன்னால் செய்கிற பெண் என்று அம்மாவுக்குத் தெரியும். அதைத் தெரிந்து வைத்துக்கொண்டுதான் கேட்டார்.

பேங்க் கிரேஸிக்கு முதல் நாளே பிடித்துப்போயிற்று. உள்ளே வாடை இல்லை என்பது மட்டும் காரணமில்லை. டேனரியில் கூலி வேலை செய்கிற ஜெயம்மாள் என்ற அம்மாள் ஒரு நாள் பணம் எடுக்க வந்து, கையில் கொடுத்த பித்தளை டோக்கனை முந்தானையில் முடிந்துகொண்டு, பேங்க் தனக்கு ஏதோ கொடுத்துவிட்டது என்ற திருப்தியில் வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள். கிரேஸி மார்க்கெட் வரைக்கும் துரத்திக்கொண்டு ஓடி அவளைத் திரும்ப அழைத்து வந்து பணத்தை வாங்கிக் கொடுத்தாள். ஜெயம்மாள் அப்புறம் கிளைக்கு வரும்போதெல்லாம் முதலில் கிரேஸியைத்தான் தேடினாள். இப்படி ஒருத்தி தன்னைத் தேடி வருவது கிரேஸிக்கு ரொம்பப் புதிதாக இருந்தது. இந்த வேலைதான் வேண்டும் என்று அவள் உறுதி செய்துகொண்டது அப்போதுதான்.

மேனேஜர் சீனிவாசன் கறாரான மனிதர். சிரிப்பதற்கும் தலைமை அலுவலகத்தில் அனுமதி வாங்க வேண்டும் என்று நினைக்கிறவர்போல இருப்பார். அவருக்குக் கீழே ஆதிகேசவன் என்று ஓர் ஆபீசர். அரக்கோணத்துக்காரர், நல்ல மனுஷர், எதற்கும் அவசரம். டேனரிகளுக்குப் போய்ச் சரக்குப் பார்த்துவிட்டு வருவது அவர் வேலை.

தோல் ஊர்களில் அதற்கு ஒரு முறை உண்டு. டேனரிக்காரர் பதப்படுத்திக் காயவைத்த தோலைக் கட்டுக் கட்டாகக் குடோனில் அடுக்கி, அதன்மேல் பேங்கில் பணம் வாங்குவார். கணக்கு முடிகிற வரைக்கும் குடோன் அவருடையது, உள்ளே இருக்கிற தோலும் அவருடையது, கதவில் தொங்குகிற பூட்டு மட்டும் பேங்குடையது. பக்கத்தில் பேங்க் பெயர் எழுதிய பலகை ஒன்று ஆணியில் மாட்டியிருக்கும். அந்தப் பூட்டில் ஒருத்தரும் கை வைக்க மாட்டார்கள். வைத்தான் என்று பேச்சுக் கிளம்பினால் போதும், அடுத்த வாரம் அவனை நம்பி யாரும் ஒரு ஆட்டுத்தோல்கூடப் போட மாட்டார்கள்.

நோன்பு மாசத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் ஆதிகேசவன் நசீர் அகமதுவின் டேனரிக்குக் கிளம்பினார். சின்ன டேனரி, கை விரல்களுக்குள் அடங்குகிற ஆட்கள். வேலை கற்றுக்கொள்ளட்டும் என்று கிரேஸியையும் கூட்டிக்கொண்டார். சீனிவாசன் அன்று வேலூரில் கூட்டத்துக்குப் போயிருந்தார்.

அவர்கள் போன நேரம் ஜும்மா தொழுகை. நசீர் அகமதுவும் ஆட்களும் பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்கள். கன்னியப்பன் என்கிற மேஸ்திரி மட்டும் இருந்தார். அவருக்கு நோன்பு கிடையாது. ஆனாலும் நோன்பு பிடிக்கிறவர்கள் நடமாடுகிற இடத்தில் சோற்றுத் தூக்கைத் திறக்க அவருக்கு மனசு வராது, அந்த மாசம் முழுக்க வீட்டுக்குப் போய்த்தான் சாப்பிடுவார். "பாத்துட்டுப் பூட்டிக்குங்க சார்," என்று சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறிவிட்டார்.

ஆதிகேசவன் குடோனைத் திறந்து கட்டுகளைப் பார்த்து முடித்தார். அவர் மச்சினன் கல்யாணம் அரக்கோணத்தில். ரயிலுக்கு நேரமாகிவிட்டது. குடோனைத் தன் கையால் பூட்டிவிட்டுச் சாவியைக் கிளையில் ஒப்படைத்திருக்க வேண்டும் அவர். அவரோ பூட்டைக் கிரேஸி கையில் திணித்தார்.

"சும்மா அமுக்குனா போதும்மா, பூட்டிக்கும். நீ பூட்டிட்டுக் கெளம்பு. நான் ஓடறேன்."

சாவி அவர் சட்டைப்பையிலேயே ரயில் ஏறிப் போனது.

அந்த முற்றத்தில் பக்கம் பக்கமாக இரண்டு கதவுகள் இருந்தன. இரண்டும் ஒரே நீலம், இரண்டும் திறந்தே கிடந்தன. கிரேஸி குடோனுக்குள் போகவே இல்லை, வாடைக்குப் பயந்து தெருவாசலிலேயே கைக்குட்டையும் மூக்குமாக நின்றிருந்தாள். இப்போது முற்றத்துக்கு வந்தவள் பேங்க் பலகை எந்தக் கதவருகே தொங்குகிறது என்று பார்த்தாள், அதை இழுத்துச் சாத்தினாள், பூட்டை மாட்டி அமுக்கினாள், விடுவிடுவென்று நடந்துவிட்டாள். உள்ளே ஒரு தரம் எட்டிப் பார்த்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

பெருநாளுக்காகக் கன்னியப்பன் காலையில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார். பலகையில் தெறிக்கக் கூடாதென்று மரியாதையாகக் கழற்றி, பக்கத்துக் கதவின் ஆணியில் மாட்டி வைத்திருந்தார்.

அந்தப் பக்கத்துக் கதவுக்குள்ளே அன்று மதியம்தான் வந்து இறங்கிய பச்சைத் தோல் குவிந்து கிடந்தது. ஆட்டுத்தோல், இன்னும் உப்புப் படாதது. தொழுகை முடிந்து வந்ததும் உப்புப் போடலாம் என்று நிழலில் கொட்டிவிட்டுப் போயிருந்தார்கள். மே மாச வெயில், தகரக் கூரை, சாத்திய கதவு. பொழுது சாய்வதற்குள் உப்புப் போடாவிட்டால் மயிர் கழன்று அத்தனையும் குழைந்துவிடும். பெருநாளைக்கு ஆட்களுக்குத் துணியும் பணமும் கொடுக்க நசீர் அகமது அந்தத் தோலைத்தான் நம்பியிருந்தார்.

கன்னியப்பன் சைக்கிளை மிதித்துக்கொண்டு கிளைக்கு வந்தபோது அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "சாவி எங்கம்மா? எங்க ரூமுல போய் பூட்டிட்டு வந்துருக்கீங்க. பெரிய பேஜாராப் போச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் கிரேஸிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தலைமைக் காசாளர் சம்பூர்ணம் அம்மாள் வேலூருக்கு டிரங்க் கால் போட்டார். மாற்றுச் சாவி அங்கே பெட்டக அறையில் இருந்தது, அறை மூடியாகிவிட்டது, காலையில்தான் திறக்கும். சீனிவாசன் பஸ் ஏறிவிட்டார், எந்தப் பஸ் என்று யாருக்கும் தெரியவில்லை.

"நீ எதையும் தொடாத," என்றார் சம்பூர்ணம் அம்மாள். "ஆதிகேசவன் பண்ணது தப்பு, அவர் பாத்துக்குவாரு. நீ பயிற்சிக்கு வந்த பொண்ணு. வீட்டுக்குப் போயிடு."

நல்ல எண்ணத்தில் சொன்னதுதான். கிரேஸி வாசல் வரைக்கும் வந்தாள். வீடு இடப் பக்கம், டேனரி வலப் பக்கம். அவள் கன்னியப்பனின் சைக்கிளுக்குப் பின்னால் ஓட்டமும் நடையுமாக வலப் பக்கம் போனாள்.

டேனரி முற்றத்தில் நசீர் அகமது பூட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். நோன்பு வைத்த உதடு வறண்டு வெளுத்திருந்தது. சுற்றிலும் ஆட்கள் உப்பு மூட்டைகளைப் பிரித்து வைத்துக்கொண்டு சும்மா நின்றார்கள்.

"கடப்பாரையால ஒரு போடு போட்டா முடிஞ்சிது, பாய்," என்றார் கன்னியப்பன்.

"பேங்கு பூட்டு."

"அது நம்ம ரூமு பாய். பேங்குக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"எந்தக் கதவுல தொங்குனா இன்னா, பேங்கு பூட்டு பேங்கு பூட்டுதான். நசீர் பூட்டை ஒடச்சான்னுதான் ஊர்ல சொல்லுவாங்க. எந்தக் கதவுன்னு எவனும் கேக்க மாட்டான்."

"கீலைக் கழட்டிக் கதவையே எடுத்துட்டா?"

"அதுக்கும் இதுக்கும் இன்னா வித்தியாசம்? போவட்டும் விடு. தோல் போனா வேற தோல் வாங்கலாம்." சொன்னாரே தவிர பூட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கிரேஸி முன்னால் வந்தாள். "தப்பு என்னுதுங்க. நான்தான் பாக்காம பூட்டிட்டேன். நான் ஒடைக்கட்டுமா?"

நசீர் அகமது அவளை அப்போதுதான் கவனித்தார். "நீ சாரா சிஸ்டர் பொண்ணுதானம்மா? நீ பேங்கு ஆளா?"

சாதாரணக் கேள்விதான். இல்லை என்றால் வீட்டுக்குப் போகலாம், பழி ஆதிகேசவனோடு போகும், லீவு முடிந்ததும் சர்டிபிகேட் கைக்கு வரும். ஆமாம் என்று சொல்ல அவளுக்கு எந்த அதிகாரமும் கிடையாது. சொல்லிவிட்டுப் பூட்டை உடைத்தால் சீனிவாசன் நாளைக் காலையிலேயே அனுப்பிவிடுவார். அப்புறம் வேலூர், வெள்ளைச் சேலை, ஆயுசுக்கும் டெட்டால். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுவதற்கு நேரமில்லை என்பதால் அழவில்லை.

"ஆமாங்க," என்றாள். "பூட்டுனது பேங்கு. பேங்கே ஒடச்சதுன்னு நீங்க சொல்லிக்கலாம். சுத்தியல் குடுங்க."

கன்னியப்பன் சுத்தியலோடு வந்து தானே அடிக்கப் போனார். நசீர் அகமது அவர் தோளைப் பிடித்து நிறுத்தினார். நம் ஆள் யாரும் தொடக் கூடாது என்றார். வாட்டசாட்டமான ஆண்பிள்ளைகள் கைகட்டி நிற்க, சுத்தியலை இரண்டு கையாலும் தூக்கத் தெரியாத ஒரு பெண் பேங்குப் பூட்டை அடித்த வேடிக்கையை ஆம்பூர் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. முதல் அடி கதவில் விழுந்தது. இரண்டாவது அவள் கட்டைவிரலில் விழுந்தது. ஆட்கள் எல்லோரும் சேர்ந்து 'ஸ்' என்றார்கள். அவள் விரலை வாயில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றாள், பிறகு மறுபடியும் அடித்தாள். அடித்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் பூட்டின் வளையம் விட்டுக்கொடுத்தது.

கதவைத் திறந்ததும் வெக்கையும் வாடையும் அலையாக வந்து அடித்தன. கிரேஸி சுவரோரம் ஓடி, தின்றதையெல்லாம் வாந்தி எடுத்தாள். திரும்பி வந்தபோது நசீர் அகமது மேலே கிடந்த தோலைத் தடவி, மயிரை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். கையோடு வரவில்லை.

"நிக்குது," என்றார். "சீக்கிரம் ஆவட்டும்."

நோன்பு திறப்பதற்கு அதிக நேரமில்லை. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்காத ஆட்கள் தோலை இழுத்து விரித்தார்கள். ஒரு கை குறைந்தது. கிரேஸி தாவணியை இடுப்பில் செருகிக்கொண்டு, கைக்குட்டையை எங்கேயோ போட்டுவிட்டு, உப்பை அள்ளி அள்ளித் தேய்த்தாள். நசுங்கிய விரலில் உப்பு ஏறி உயிர் போயிற்று. வாடை என்ன ஆயிற்று என்று அவளுக்கு ஞாபகமே இல்லை. பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது பாதிக்கு மேல் முடிந்திருந்தது. எல்லோரும் உட்கார்ந்து பேரீச்சம்பழம் வாயில் போட்டார்கள், அவளுக்கும் ஒரு கிண்ணத்தில் நோன்புக் கஞ்சி வந்தது. உப்புக் கையோடேயே குடித்தாள்.

கிளம்பும்போது நசீர் அகமது உடைந்த பூட்டைத் துணியில் சுற்றிக் கொடுத்தார். "பேங்கு சாமான். பேங்குல சேத்துடும்மா."

வீட்டில் சாரா ஒன்றும் கேட்கவில்லை. ஊர் அவ்வளவு சின்னது, சேதி அவளுக்கு முன்னாலேயே வீடு வந்து சேர்ந்திருந்தது. வெந்நீர் வைத்து மகள் கையைக் கழுவினார், விரலுக்குக் கட்டுப் போட்டார். எத்தனையோ டேனரி ஆட்களுக்குப் போட்ட அதே கட்டு. போடும்போது அவர் கை மட்டும் வழக்கத்தைவிட மெதுவாகப் போயிற்று.

மறுநாள் காலையில் கிரேஸி துணிப் பொட்டலத்தைச் சீனிவாசன் மேஜைமேல் வைத்து நடந்ததைச் சொன்னாள். ஆதிகேசவன் பெயரைக் கூடிய மட்டும் சொல்லாமல் பார்த்துக்கொண்டாள். அது முடியவில்லை, சாவி அவர் பையில் இருந்ததே. சீனிவாசன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒரு புதுப் பூட்டை எடுத்துக்கொண்டார். இருவரும் டேனரிக்குப் போனார்கள்.

உண்மையான குடோன் கதவு நேற்றிலிருந்து திறந்தே கிடந்தது. அதன் வாசலில் குறுக்கே பாய் விரித்துக் கன்னியப்பன் படுத்திருந்தார்.

"ஒங்க சரக்கு தொறந்து கெடக்குதேன்னு ராத்திரி பூரா காவல் போட்டேன்," என்றார் நசீர் அகமது. "ஒரு கட்டு கம்மியா இருந்தாலும் என்ன கேளுங்க."

"இந்தப் பூட்டை ஒடச்சது யாரு?" என்று கேட்டார் சீனிவாசன்.

"பேங்கு."

"பேங்குன்னா?"

நசீர் அகமது கிரேஸி பக்கம் கை காட்டினார். "தோ, பேங்குகாரம்மா."

சீனிவாசன் பலகையைக் கழற்றிச் சரியான ஆணியில் மாட்டினார். கதவைத் தன் கையால் பூட்டி, இழுத்துப் பார்த்தார். பிறகு கிரேஸியிடம், "நீங்க வீட்டுக்குப் போங்க. நான் யோசிக்கணும்," என்றார். அவர் முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

யோசிக்கணும் என்று பெரியவர்கள் சொன்னால் என்ன பொருள் என்று கிரேஸிக்குத் தெரியும். சாயங்காலம் அம்மாவிடம் போனாள். "சர்டிபிகேட் வராதும்மா. இன்டர்வியூக்கு வர்றேன்." சாரா தலையாட்டினார். இன்டர்வியூ திங்கட்கிழமை.

ஞாயிற்றுக்கிழமை சாராவுக்குப் பகல் டியூட்டி. திங்கட்கிழமை காலையில் அம்மாவும் மகளும் பஸ் ஸ்டாண்டில் நின்றார்கள். கிரேஸி இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை கட்டியிருந்தாள், கட்டைவிரல் இன்னும் வீங்கியிருந்தது. வேலூர் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் "பள்ளிகொண்டா, வேலூர்" என்று கூவினான். கிரேஸி படியில் காலை வைத்தாள்.

"எறங்கு," என்றார் சாரா.

"இன்னாம்மா?"

"எறங்குடி. பேங்குக்குப் போ. அந்த மேனேஜர் உள்ள விடலன்னா வாசல்ல நில்லு."

"நீ சொன்னியேம்மா, சர்டிபிகேட் இல்லன்னா..."

"சொன்னேன். இப்ப வேற சொல்றேன். போ, நேரமாவுது." சொல்லிவிட்டு சாரா திரும்பிப் பார்க்காமல் ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்துவிட்டார். பஸ் காலி இடத்தோடு வேலூருக்குப் போயிற்று.

கிளையில் சீனிவாசன் அவள் வெள்ளைச் சேலையை ஏற இறங்கப் பார்த்தார். ஆதிகேசவன் கல்யாண லட்டுப் பொட்டலத்தோடு ஒரு மூலையில் பள்ளிக்கூடப் பையன்போல நின்றிருந்தார். அவர் வாங்கிக் கட்டிக்கொண்டது முகத்தில் தெரிந்தது.

"பூட்டை ஒடச்சது தப்பு," என்றார் சீனிவாசன். "ஒடைக்காம வீட்டுக்குப் போயிருந்தா அதவிடப் பெரிய தப்பு. இதுல எதை மேலிடத்துக்கு எழுதறதுன்னு ரெண்டு நாளா யோசிச்சேன். தெரியல. அதனால எழுதல. போய் வேலையப் பாருங்க. இனிமே எந்தக் கதவப் பூட்டுனாலும் உள்ள போய்ப் பாத்துட்டுப் பூட்டுங்க."

கவுண்டரில் ஜெயம்மாள் டோக்கனை இறுக்கிப் பிடித்தபடி அவளைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க கிரேஸிக்குக் கால் தரையில் பாவவில்லை. நாலு வருஷம் கழித்துப் பரீட்சை எழுதி அதே பேங்கில் ஆலங்காயம் கிளைக்குப் போனபோதுகூட அவ்வளவு சந்தோஷம் வரவில்லை என்று பிற்பாடு சொல்வாள்.

சாயங்காலம் சாரா டியூட்டி முடிந்து வந்து, சேலை மாற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கிரேஸி காப்பி கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அங்கேயே நின்றாள். டெட்டால் மணத்தது. அவள் நகரவில்லை.

"ஏம்மா எறங்கச் சொன்ன?"

சாரா காப்பியை ஆற்றினார்.

"நேத்து கன்னியப்பன் கையில கட்டுப் போட வந்தான்," என்றார். "நான் கவனிக்காம அந்தாண்ட போய்ட்டிருந்தேன். இத்தினி வருசமா சிஸ்டர், சிஸ்டர்னு கூப்ட்டவன், நேத்து வார்டுல அத்தினி பேரு நடுவுல இன்னா சொல்லிக் கூப்ட்டான் தெரியுமா?"

"இன்னா சொன்னாரு?"

"பேங்குகாரம்மாவோட அம்மான்னு கூப்ட்டான்டி," என்றார் சாரா. "நான் திரும்பிட்டேன்."